நந்திக்கு அந்தப் பக்கம்

1948 ஆகஸ்ட் 5. பன்னிரண்டு பேர். போகவர ரயில் கட்டணம் ரூ. 19-8-0.
1948 ஆகஸ்ட் 6. இரண்டு பேர். திரும்ப மட்டும். ரூ. 1-10-0.
1949 ஜூலை 25. பத்தொன்பது பேர். ரூ. 30-14-0.
1953 ஆகஸ்ட் 9. முப்பத்தொரு பேர். ரூ. 54-4-0.
1958 ஆகஸ்ட் 15. நாற்பது பேர். ரூ. 76.00.
1962 ஜூலை 31. ஐம்பத்தேழு பேர். ரூ. 119.70.

ராமேஸ்வரம் போய்வந்த கணக்கில் சில வரிகள் இவை. இவற்றுள் இரண்டாவது வரிதான் முக்கியம். அந்த ஒரு ரூபாய் பத்தணா இல்லாவிட்டால் அதற்குக் கீழே உள்ள வரிகள் எதுவும் இல்லை. நெடுங்கரைக் கீழத்தெருவில் சிலர் அதை 1949இல் நடந்ததாகச் சொல்கிறார்கள். அது தவறு. சுதந்திரம் வந்து ஒரு வருடம் முடிய ஒன்பது நாள் இருந்தபோது நடந்தது.

ராமநாதபுரத்துக்கு மேற்கே, மழை பெய்தால் மட்டும் விளையும் ஊர் நெடுங்கரை. ஊரின் கீழத்தெருக்காரர்கள் மற்றவர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். ஊர்ச் சிவன் கோயிலுக்குள்ளும் சரி, வேறெந்தப் பெரிய கோயிலுக்குள்ளும் சரி, அவர்கள் காலடி பட்டதில்லை. ராக்கு அந்தத் தெருவில் பிறந்து, அதே தெருவில் நாலு வீடு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். புருஷன் பூமிநாதன். கல்யாணமான இரண்டாம் வருஷம் அவன் ரங்கூனுக்குக் கப்பலேறி அரிசி ஆலையில் வேலை பார்த்தான். எழுதப் படிக்கவும் அங்கேதான் பழகினான். யுத்தம் வந்தது. ரங்கூனில் குண்டு விழுந்த செய்தி வந்தது. அதன் பிறகு அவனிடமிருந்து எந்தச் செய்தியும் வரவில்லை.

தெருவின் குலசாமி கருப்பன். ராக்கு முதலில் அவனிடம்தான் போய் அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே அவளுக்கு ஒரு யோசனை வந்தது. கருப்பனுக்கு எல்லை நெடுங்கரைக் கண்மாயோடு சரி. கடல் கடந்த ஆளை மீட்டுவர, கடல் கடந்து போய்ப் பெண்டாட்டியை மீட்டு வந்த சாமியல்லவா வேண்டும்? கருப்பனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கிழக்கே பார்த்துக் கும்பிட்டாள். "ராமேஸ்வரத்து ராமநாதா, அவரு உசுரோட வந்தா, நாங்க ரெண்டு பேரும் சேந்து வந்து ஒன் முகத்தப் பாக்குறோம்."

பூமிநாதன் காடு மலையெல்லாம் நடந்து, 1942 ஜூலையில் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தான். நேர்ந்தது பலித்துவிட்டது. முகத்தைப் பார்ப்பது எப்படி? கோபுர வாசலுக்கு வெளியே நின்று கும்பிடலாம். ஆனால் ராக்கு நேர்ந்துகொண்டது கோபுரத்தைப் பார்ப்பதாக அல்ல. எல்லாரும் கோயிலுக்குள் போகலாம் என்று 1947இல் சட்டம் வந்தது. அந்தச் செய்தி நெடுங்கரைக்கு வந்து, வந்த செய்தியை நம்ப ஒரு வருடம் ஆயிற்று.

ஆடி அமாவாசைக்குப் பன்னிரண்டு பேர் புறப்பட்டார்கள். தலைமை தாங்கியவர் பூமிநாதனின் அண்ணன் பால்சாமி. கருப்பனுக்கு அவர்தான் சாமியாடி. கருப்பன் அவர் மேல் இறங்கி வாக்குச் சொன்னால் தெருவே கட்டுப்படும். சாமி விஷயத்தில் அவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் கிடையாது.

கடலில் முழுக்குப் போட்டுவிட்டுக் கிழக்குக் கோபுர வாசலுக்கு வந்தார்கள். யாராவது கூப்பிட்டு நிறுத்துவார்கள் என்று பன்னிரண்டு பேரும் எதிர்பார்த்தார்கள். ஒருவரும் ஏறிட்டும் பார்க்கவில்லை. அமாவாசைக் கூட்டம் அவர்களை உள்ளே தள்ளிக்கொண்டு போயிற்று. பக்கத்தில் நந்தி. யானை மாதிரி ஒரு காளை, வெள்ளை வெளேரென்று, நாக்கைத் துருத்திக்கொண்டு படுத்திருந்தது. பால்சாமி நின்றார். பின்னால் வந்த பதினொரு பேரும் நின்றார்கள்.

ஏன் நின்றார்கள் என்று வெளியூர்க்காரருக்கு விளங்காது. கருப்பன் கோயிலில் வாசலுக்கு முன்னே மண்குதிரை நிற்கும். சனங்கள் குதிரையோடு நின்றுவிட வேண்டும். அதற்கு அந்தப் பக்கம் சாமியாடியைத் தவிர யாரும் போகக் கூடாது. சாமிதான் இறங்கி வந்து, குதிரையடியில் திருநீறு கொடுக்கும். பிறந்தது முதல் அப்படிப் பழகிய கால்கள், இங்கே வாகனத்தைக் கண்டதும் தாமாகவே நின்றுவிட்டன.

"பெரிய மச்சான், சாமி எங்கன இருக்காரு?" என்று ராக்கு மெல்லக் கேட்டாள்.

"கண்ணு தெரியலயா ஒனக்கு? நாக்கப் பாரு. கண்ணப் பாரு. இந்தா உக்காந்திருக்காரே! நம்ம ஊர்ல குதிரையோட வாராரு, இங்கன காளையாவே வந்திருக்காரு."

பன்னிரண்டு பேரும் விழுந்து கும்பிட்டார்கள். சூடம் கொளுத்தினார்கள். சாமி திருநீறு கொண்டுவரும் என்று காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை. மடியில் முடிந்து வந்திருந்த கருப்பன் திருநீற்றையே பால்சாமி எல்லாருக்கும் பூசிவிட்டார். சந்தோஷமாகத் திரும்பினார்கள்.

அப்போது ராமேஸ்வரத்திலிருந்து வருபவர்கள் பாம்பனில் இறங்கி வேறு வண்டி மாற வேண்டும். சாயங்கால வண்டிக்காகப் பாம்பன் நடைமேடையில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் காலிக் கருவாட்டுக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் ஒரு அம்மாள் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். கழுத்தில் ஜெபமாலை. பெயர் மிக்கேலம்மாள், ஊர் அக்காள்மடம், புருஷன் சூசைமுத்து கடலுக்குப் போகிறவர். சந்தையில் சரக்கை விற்றுவிட்டு அப்போதுதான் வண்டியிலிருந்து இறங்கியிருந்தாள்.

"சாமி கும்பிட்டு வாரீகளாத்தா? நல்லாப் பாத்தீகளா?"

"நல்லாப் பாத்தோம்க்கா," என்றாள் ராக்கு. "எம்மாம் பெரிசு! வெள்ளையா, இம்மாந்தண்டிக் கொம்பு."

மிக்கேலம்மாள் மெல்லுவதை நிறுத்தினாள். "கொம்பா?"

"ஆமா. நாக்க நீட்டிக்கிட்டு."

"ஏத்தா, அது மாடுல்ல!" என்றாள் மிக்கேலம்மாள். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்தாள். "வாசக்காரன் கால்ல விழுந்துட்டு வீட்டுக்காரனப் பாக்காம வந்திருக்கீகளே! சாமி அதுக்கு அங்கிட்டு, உள்ள இருக்காரு."

பால்சாமியின் முகம் கறுத்தது.

"நீ பாத்தியா?" என்றார்.

"நான் எதுக்குப் பாக்குறேன்? நான் வேதக்காரி. எங்களுக்கு அங்கன என்ன சோலி?"

"பாக்காதவ சொல்லிப் பாத்தவன் தெரிஞ்சுக்கணுமோ? கருவாட்டுக்காரிக்கிட்டவா நான் சாமி படிக்கணும்?"

"படிக்காதீக. ஏங் கருவாடு வித்துப்போச்சு, எனக்கு நட்டமில்ல. சின்னப் புள்ளையில அக்கினி தீர்த்தக் கரையில பாசி மணி வித்தவ நான். வடக்கத்தியான், தெக்கத்தியான் அத்தன பேருக்கும் வழிகாட்டுற ஆளுக சொல்ற கதைய தெனம் கேட்டு வளந்தேன். உள்ள இருக்கது கல்லு மாடில்ல, மண்ணு லிங்கம்."

ராக்கு புருஷனைப் பார்த்தாள். அவன் தண்டவாளத்தைப் பார்த்தான்.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு அப்பவே ஒரு சந்தேகந்தான்."

"அப்ப ஏன் வாயத் தொறக்கல?"

"அண்ணே சொல்றப்ப நான் என்னத்தச் சொல்றது?"

வண்டி வந்தது. பால்சாமி முதலில் ஏறினார். "நந்தியப் பாத்தாச் சாமியப் பாத்த மாதிரித்தான். ஏறுங்க எல்லாரும்," என்றார். பத்துப் பேர் ஏறிவிட்டார்கள். ராக்கு ஏறவில்லை.

"நான் மாட்டுக்கு நேந்துக்கிடல. ராமநாதன் முகத்தப் பாக்குறேன்னு நேந்தேன். பாக்காம ஊருக்கு வரமாட்டேன்."

பூமிநாதன் ஒரு காலைப் படியில் வைத்திருந்தான். கையிலிருந்த சீட்டு அன்றைக்குத்தான் செல்லும். மறுநாள் திரும்பப் புதுச்சீட்டு எடுக்க வேண்டும். உள்ளேயிருந்து அண்ணன், "ஏலே பூமி! பொம்பளை பேச்சக் கேட்டு நின்ன, அப்புறம் ஏம் மூஞ்சியில முழிக்காத!" என்று கத்தினார். வண்டி நகர்ந்தது. பூமிநாதன் வண்டியோடு நாலு எட்டு நொண்டியடித்துப் போய், பிறகு குதித்துவிட்டான்.

"பர்மாவுல இருந்து நடந்து வந்தவனுக்கு இது ஒரு தூரமா," என்று சொல்லிக்கொண்டு வேட்டியைத் தட்டினான். ராக்கு அவனைப் பார்த்துச் சிரித்ததாக அவன் பிற்காலத்தில் சொல்வான். அவள் இல்லை என்பாள்.

இரவு தன் வீட்டில் தங்கலாம் என்று மிக்கேலம்மாள் கூப்பிட, பொழுது சாயும் வேளையில் மூவரும் பாம்பனிலிருந்து அக்காள்மடத்துக்கு நடந்தார்கள். இரண்டு பக்கமும் மணலும் பனையுமான சாலை. கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மிக்கேலம்மாள் கதை சொன்னாள்.

"ராவணனக் கொன்னுட்டு இங்கன கரையேறுறாரு ராமர். கொன்ன பாவம் தீரணும்னா சிவனக் கும்பிடணும். லிங்கம் கொண்டாடான்னு அனுமாரக் கைலாசத்துக்கு அனுப்புறாரு. போன ஆளு வரல. நல்ல நேரம் தப்பப்போகுது. சீதையம்மா என்ன செஞ்சா? கடக்கர மணல ரெண்டு கையாலயும் அள்ளி, புடிச்சு வச்சுட்டா. ராமர் பூசைய முடிச்சுட்டாரு."

"பொம்பளை புடிச்ச சாமியா?" என்றாள் ராக்கு.

"ஆமாத்தா. முடிஞ்ச பெறகு வாராரு அனுமாரு, லிங்கத்தத் தூக்கிக்கிட்டு. பாத்தாரு. வந்துச்சே கோவம்! மெனக்கெட்டு மல வரைக்கும் போய் வந்தவன் நான், இந்த மணலுக்கா மரியாதைன்னு, வாலச் சுத்தி இழுத்தாரு. மணலு அசையல. வாலு அந்து விழுந்தாரு."

பூமிநாதன் கைகொட்டிச் சிரித்தான். "எங்கண்ணன் மாதிரி."

"சிரிக்காதீக தம்பி. ராமர் சிரிக்கல. அவரத் தூக்கி நிறுத்தி, 'நீ பிந்தி வந்தாலும் நீ கொண்டாந்ததுக்குத்தான் முதப் பூசை. அதக் கும்பிட்டுட்டுத்தான் நான் வச்சதக் கும்பிடணும்'னு சொல்லிட்டாரு. இன்னைக்கும் அப்படித்தான். வடக்க தள்ளி விசுவநாதர்னு இருக்காராம். மொதல்ல அங்கன போங்க."

ராக்கு கேட்டாள்: "பிந்தி வந்தவனுக்கு முதல் மரியாதையாக்கா?"

"அந்தக் கோயில்ல அப்படித்தான்."

அன்றிரவு மிக்கேலம்மாள் அவர்களுக்குக் கஞ்சியும் தேங்காய்த் துவையலும் கொடுத்தாள். மீன் குழம்பு இருந்தது. சாமி பார்க்கப் போகிறவர்களுக்குக் கவிச்சி ஆகாது என்று சூசைமுத்தே சட்டியை மூடி அந்தப் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ராமேஸ்வரத்துக்கு நடந்தே போனார்கள். கூட்டம் வடிந்திருந்தது. மறுபடியும் கடலில் முழுகி, மறுபடியும் கிழக்கு வாசல் வழியாக, மறுபடியும் நந்தியின் பக்கத்தில் வந்து நின்றார்கள். ராக்குவின் கால் எழவில்லை. எதிரே படி இருந்தது. படிக்கு மேல் இருட்டும், இருட்டுக்குள் விளக்கும் இருந்தன. தடுக்க ஆள் இல்லை. கயிறு இல்லை. இருந்தும் கால் எழவில்லை. தாயும் தாய்க்குத் தாயும் நின்ற இடத்தில் அவளும் நின்றாள். பூமிநாதனும் நின்றான், பர்மாவிலிருந்து நடந்த கால்கள்தான் அவை.

வடக்கத்தி யாத்திரைக்காரர்கள் ஒரு கூட்டம் கங்கைச் செம்புகளோடு சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தது. அவர்கள் நந்தியை ஒரு தட்டுத் தட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு மேலே போனார்கள். அவர்களுள் ஒரு கிழவி கால் இடறி ராக்குவின் தோளைப் பிடித்தாள். பிடித்த பிடியை விடாமல் படியேறினாள். அவளைத் தாங்கிக்கொண்டு ராக்குவும் ஏறினாள். மேலே போன பிறகுதான் தான் ஏறிவிட்டது அவளுக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தாள். நந்தியின் முகம் தெரிந்தது. "வாங்க, ஒண்ணும் ஆகல," என்றாள் புருஷனிடம்.

முதலில் விசுவநாதர். பிறகு ராமநாதர். அர்ச்சகர் நடுத்தர வயதுக்காரர், அவசரப்படாதவர். தேங்காயை வாங்கிக்கொண்டு, "பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ," என்றார்.

"ராக்கு. இவுக பூமிநாதன். நட்சத்திரம் தெரியாதுங்க சாமி."

"பரவாயில்லை, சுவாமி பேருக்கே பண்ணிடலாம்."

"இல்லீங்க," என்றாள் ராக்கு. குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "எங்க பேருக்கே பண்ணுங்க. இன்னும் ஒரு பேரு இருக்கு. நெடுங்கரைக் கீழத்தெரு."

"அது யாரு?"

"தெருவுங்க. மொத்தத் தெருவும்."

அர்ச்சகர் சிரித்தார். "தெருவுக்கு நட்சத்திரம் யாருக்குமே தெரியாதும்மா," என்றவர், உள்ளே போய் மந்திரத்தோடு மந்திரமாக ராக்கு, பூமிநாதன், நெடுங்கரைக் கீழத்தெரு என்று கணீரென்று சொன்னார். கல்லில் பட்டு அந்தப் பெயர் திரும்பி வந்தது. தீபம் உயர்ந்தது. ராக்கு கண்ணை மூடவில்லை. முகத்தைப் பார்ப்பதாக நேர்ந்தவள் அல்லவா, இமைக்காமல் பார்த்தாள்.

அக்காள்மடத்தில் மிக்கேலம்மாள் வேலை வெட்டியைப் போட்டுவிட்டுச் சாலைக்கே வந்து நின்றாள். "எப்படித்தா இருக்காரு?"

"சின்னதா இருக்காருக்கா. ஒரு பொம்பளை ரெண்டு கையால அள்ளி வைக்கிற அளவுதான்."

"நான் சொன்னேனில்ல!" என்றாள் மிக்கேலம்மாள், தானே பார்த்துவிட்டு வந்தவளைப் போல.

ஊரில் சண்டை காத்திருந்தது. பால்சாமி, "நான் பாத்ததுதான் சாமி," என்று சாதித்தார். ராக்கு எதிர்வாதம் செய்யவில்லை. அடுத்த ஆடி அமாவாசைக்குப் பத்தொன்பது பேரைத் திரட்டினாள். புறப்படுமுன் அக்காள்மடத்துக்கு ஒரு கார்டு போடுவாள். எழுதுவது பூமிநாதன். நிலையத்தில் மிக்கேலம்மாள் வந்து நின்று கதை சொல்லிக் கோபுரம் வரை கொண்டுவிடுவாள். அதற்கு மேல் ராக்கு. நந்தியருகே அவள் எல்லாருக்கும் பின்னால் போய் நின்றுகொள்வாள். "நிக்காத, நட. இது நம்ம குதிரை மாதிரி. ஆளு உள்ள இருக்காரு. நட, நட." ஆடு பத்துவது போலப் பின்னாலிருந்து ஓட்டுவாள். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் கால் எழாமல் நிற்பார். அவர் தோளைப் பிடித்துக்கொள்வாள்.

1961க்குள் தெருவில் பார்க்காத வீடு ஒன்றுதான் மிஞ்சியது. பால்சாமி வீடு. அவர் போகாததால் அவர் பெண்டாட்டி பிள்ளைகளும் போகவில்லை. "பாத்த சாமிய எத்தன தரம் பாக்குறது?" என்பார்.

1962 மாசிக் களரி, குலசாமிக்குத் தெருவே கூடும் திருவிழா. விடிந்ததும் கருப்பன் கோயிலில் பொங்கல் படைத்து, பால்சாமி மேல் சாமி இறங்கியது. அரிவாளைப் பிடித்துக்கொண்டு ஆடினார். சனங்கள் ஒவ்வொருவராகக் குறி கேட்டார்கள். ராக்கு மண்குதிரைக்கு இந்தப் பக்கம், கைகட்டி வந்து நின்றாள்.

"கருப்பா, பொய் சொல்லாத சாமி நீ. ஒரே ஒரு கேள்வி. ஒன்னச் சுமக்குற இந்த ஆளு, ராமேஸ்வரத்துல சாமியப் பாத்தாரா, பாக்கலயா?"

உடுக்கடிப்பவன் கை நின்றது. பால்சாமி, இல்லை கருப்பன், அரிவாளைத் தரையில் ஊன்றினான். உடம்பு நடுங்கியது.

"பாக்கலடீ!" என்று உறுமினான். "பாக்கல! வாசல்லயே நின்னுட்டு வந்துட்டான்! ஏம் பிள்ளை உள்ள போக மாட்டேங்குறான், கூட்டிட்டுப் போடீ!"

குலவைச் சத்தம் கண்மாய்க்கு அந்தப் பக்கம் வரை கேட்டதாம். சாமி மலையேறியதும் பால்சாமிக்குத் தண்ணீர் தெளித்து விஷயத்தைச் சொன்னார்கள். "அவரே சொல்லிட்டாரா?" என்றார். "அப்ப டிக்கட்டு எடுங்க."

ஜூலை 31, செவ்வாய்க்கிழமை. பிள்ளைகுட்டிகளோடு ஐம்பத்தேழு பேர். நந்தியின் பக்கத்தில் பால்சாமி நின்றார். நாக்கைப் பார்த்தார், கொம்பைப் பார்த்தார்.

"ஏத்தா, எனக்குக் கால் வரமாட்டேங்குதே."

"எனக்கும் வரல பெரிய மச்சான், அன்னைக்கு," என்றாள் ராக்கு. அன்று அவள் பின்னால் நிற்கவில்லை. பக்கத்தில் வந்து தோள் கொடுத்தாள். "நீங்க முன்னால நடங்க. நாங்க ஒங்க பின்னால வாரோம்."

பால்சாமி ஏறினார். மொத்தக் கீழத்தெருவும் அவர் பின்னால் ஏறியது. வெளியே வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பியிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "சின்னதாத்தான்லே இருக்காரு. ஆனா நம்மளப் பாக்குறாரு."

ஊர் திரும்பியதும் ராக்கு சொல்லச் சொல்லப் பூமிநாதன் எழுதினான். "மிக்கேல் அக்காளுக்கு ராக்கு எழுதிக்கொள்வது. எல்லாரும் சுகமாக வந்து சேர்ந்தோம். எங்கள் தெருவில் சாமி பார்க்காத வீடு இனிமேல் இல்லை. கூட்டிவர ஆள் இல்லாததால் இனிக் கடுதாசியும் இல்லை. இனி நான் வந்தால் உங்களைப் பார்க்கத்தான் வருவேன், சொல்லாமல் வருவேன். மீன் குழம்பு வைத்துக் கொடுக்க வேண்டும்."

கார்டு அக்காள்மடத்துக்கு வந்து சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 9, வியாழக்கிழமை.